டெல்லியிலிருந்து தாய்ஷான் மலைக்கு

சீன விசா கைக்கு வந்ததும் போனில் அலிபே என்ற பணம் செலுத்தும் ஆப்பைப் போட்டு கார்டை இணைத்துவிடுங்கள். வழி பார்க்க கூகுள் மேப்பையும் நம்பிப் போக முடியாது. பெய்ஜிங்கிலிருந்து மலையடிவாரத்துத் தாய்ஆன் ஊருக்கு அதிவேக ரயிலில் சுமார் 2 மணி நேரம். பாஸ்போர்ட் இல்லாமல் டிக்கெட் கிடையாது.

அடிவாரத்தில் உள்ள ‘டாய் மியாவ்’ கோயிலை முதலில் பாருங்கள், பேரரசர்கள் மலையை வழிபட்ட இடம். அப்புறம் படிகள். டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் மூச்சு வாங்காமல் ஏறுகிறோமே என்று கணக்குப் போட வேண்டாம், இங்கே 6,000-க்கும் மேல், அதிலும் கடைசியில் வரும் பதினெட்டு வளைவு சுவர் மாதிரி நிற்கும். முட்டி வலிக்காரர்கள் பாதிவழியில் கேபிள் கார் பிடிக்கலாம், புண்ணியம் ஒன்றும் குறையாது.

உச்சிக்குப் பக்கத்தில் பீசியா அம்மன் கோயில். பிரதான மண்டபத்தின் கூரை ஓடுகளைக் கவனியுங்கள், வெண்கலம்! மலைக் காற்றுக்கு மண் ஓடு தாங்காதே. சற்று மேலே, கி.பி. 726-இல் தாங் வம்சப் பேரரசர் ஷுவான்சோங் செதுக்க வைத்த கல்வெட்டு, பாறை முழுக்கத் தங்க எழுத்துகள்.

சூரிய உதயம் பார்க்க இரவிலேயே ஏறுகிறவர்கள் நிறைய. டெல்லி ஜனவரியைத் தாங்கியவர்களுக்கும் மேலே நடுங்கும், பச்சை நிறப் பட்டாளக் கோட்டு வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம், சீனாவே விடுமுறையில் படியில் நிற்கும்.