18-ஆம் நூற்றாண்டு பிரான்சின் துக்க உடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸ் மன்னர்களின் வெர்சாய் அரசவையின் துக்கத்தை மேடையிலோ ஓவியத்திலோ காட்ட நினைப்பவர்கள் முதலில் எடுப்பது பளபளக்கும் கறுப்பு சாட்டின் துணி. அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது. அன்றைய பிரான்சில் துக்கம் எவ்வளவு புதியது என்பதைத் துணியின் பளபளப்பே சொல்லிவிடும். பளபளப்பு எவ்வளவு குறைவோ, துக்கம் அவ்வளவு புதியது.

கணவரை இழந்த பெண்ணுக்குத் துக்கக் காலம் ஓராண்டும் ஆறு வாரமும். முதல் ஆறு மாதம் மினுமினுப்பே இல்லாத கறுப்புக் கம்பளி. அடுத்த ஆறு மாதம் கறுப்புப் பட்டு. கடைசி ஆறு வாரத்தில் கறுப்பும் வெள்ளையும் கலந்து வரும். ஆகவே, சாவு நடந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்காமல் துணி வாங்க வேண்டாம். மனைவியை இழந்த ஆணுக்குத் துக்கம் ஆறே மாதம். இருவரையும் ஓராண்டு முழுக்கக் கறுப்பில் நிறுத்துவது பிழை. 1716-ஆம் ஆண்டு அரசாணை துக்கக் காலங்களைப் பாதியாகக் குறைத்தது. அதற்கு முந்தைய மன்னர் பதினான்காம் லூயி காலத்துக் கதைக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது.

தலை முதல் கால் வரை கறுப்பாக்குவது இன்னொரு தவறு. விதவையின் தலையணி வெள்ளை. பத்திஸ்த் என்ற மெல்லிய லினன் துணியில், லேஸ் இல்லாமல், ஓரத்தை அகலமாக மடித்துத் தைத்தது. ஆண்களின் கறுப்புக் கோட்டிலும் தொடக்கக் கட்டத்தில் கைமடிப்பின் மேல் வெள்ளைத் துணிப்பட்டி உண்டு. அந்த வெள்ளையை விட்டுவிட்டால் உடை வெறும் கறுப்புக் கோட்டாகத்தான் தெரியும்.

காலணியைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. பாவாடையும் கோட்டும் சரியாக இருந்தும், மேடை விளக்கில் பளிச்சிடும் ஒரு வெள்ளி பக்கிள், அதாவது காலணிக் கொக்கி, அத்தனையையும் கெடுத்துவிடும். ஆழ்ந்த துக்கத்தில் பக்கிளும் மங்கலான வெண்கல நிறம்தான். பட்டுக் கட்டத்தில் கறுப்புக் கற்கள் அணியலாம். வைரத்துக்குக் கடைசிக் கட்டம்வரை காத்திருக்க வேண்டும்.

முகத்தை மூடும் நீண்ட கிரேப் (சுருக்கங்கள் கொண்ட மெல்லிய துணி) திரை, ஜெட் என்ற கறுப்புக் கல் பதித்த புரோச் எல்லாம் விக்டோரியா காலத்து இங்கிலாந்தை நினைவூட்டுபவை. அந்தத் துக்க உடைக்குப் பேர்போன விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர் இறந்ததே 1861-இல். அந்தப் படங்களை மாதிரியாக வைத்துத் தைக்கக் கூடாது.

பிரான்ஸ் மன்னருக்குக் கறுப்பு அணிவிப்பதும் தவறு. அவருடைய துக்க நிறம் ஊதா.

உடை கறுப்பானாலே கண்ணீர்க் காட்சி என்று எண்ணிவிடக் கூடாது. அயல்நாட்டு அரச குடும்பத்தில் சாவு நேர்ந்தாலும் அரசவை துக்கம் அனுசரித்தது. முகம் அறியாதவருக்காகவும் உடை மாறியது. அப்படித் துக்கம் நீளும்போதெல்லாம் பிரான்சின் பட்டு நகரமான லியோன் நெசவாளர்களின் வண்ணப் பட்டு விலைபோகாமல் தேங்கியது.