'சார்ஜ்' என்னும் சொல்லை மொழிபெயர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் பத்திரம், நீதிமன்ற ஆவணம், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கொடுத்துப் பார்ப்பது 'சார்ஜ்' என்ற சொல் வெவ்வேறு விதமாக வரும் சில வாக்கியங்களைத்தான். அருஞ்சொல்லில் பெரும்பாலும் யாரும் தவறுவதில்லை. தெரியாத சொல் என்றால் அகராதியைப் புரட்டிவிடுகிறார்கள். பஸ் சார்ஜ், போன் சார்ஜ், சார்ஜ் ஷீட் என்று நாள்தோறும் வாயில் புழங்கும் ஒரு சொல்லுக்காக அகராதியைத் திறக்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. எங்கள் தலைமுறையில் நடந்த அதே பிழைகள் வரிசைகூட மாறாமல் திரும்ப வருவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழையையும் ஒருமை பன்மை மயக்கத்தையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை படித்தால் அவை தாமே கண்ணில் படும்.

அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடுவது

இலத்தீனில் வண்டிக்குப் பெயர் 'கார்ருஸ்'. வண்டியில் சுமை ஏற்றுவதைக் குறிக்க அதிலிருந்து பிறந்த வினை பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து 'சார்ஜ்' ஆக ஆங்கிலத்தில் நுழைந்தது. ஒருவர்மேல் பணத்தை ஏற்றினால் கட்டணம், பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, கடமையை ஏற்றினால் பொறுப்பு, பீரங்கியில் மருந்தை ஏற்றினால் அதுவும் 'சார்ஜ்'தான். தமிழிலும் குற்றத்தையும் வரியையும் பொறுப்பையும் 'சுமத்துகிறோம்' என்பதால், இந்தக் கிளைகள் நமக்கு விளங்காதவை அல்ல. ஆயினும் வேர் தெரிந்தால் மட்டும் வாக்கியத்தில் எந்தப் பொருள் என்று தெரிந்துவிடாது.

அதற்கான வழியைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் சொல்லியிருக்கிறது. பலபொருள் ஒருசொல் அதனோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் இன்ன பொருளது என்று தெளியும் என்கிறது அந்நூல். 'மா பூத்தது' என்றால் மரம். 'மா ஓடிற்று' என்றால் விலங்கு. ஆங்கிலத்துக்கும் இது அப்படியே பொருந்துகிறது. 'சார்ஜ்' என்ற பெயரை 'லெவி' என்ற வினை ஆண்டால் கட்டணம். 'ஃப்ரேம்' ஆண்டால் நீதிமன்றக் குற்றச்சாட்டு. 'அஸ்யூம்' ஆண்டால் அலுவலகப் பொறுப்பு. 'கிரியேட்' ஆண்டால், பெரும்பாலும் சொத்தின்மீது ஏற்படுத்தப்படும் பிணைப்பு. பெயரைப் பார்த்த உடனே எழுதுகோலை எடுக்காமல், வினை வரும்வரை வாக்கியத்தைப் படித்தால் பாதித் தவறு குறைந்துவிடும்.

சொத்தின்மேல் உள்ள 'சார்ஜ்' கட்டணம் அன்று

இந்த ஒரு தவறைத்தான் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

1882 ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 100 ஆம் பிரிவில் 'சார்ஜ்' என்பதற்கு வரையறை தருகிறது. ஒருவருடைய அசையாச் சொத்து, தரப்பினரின் செயலாலோ சட்டத்தின் விளைவாலோ, மற்றொருவருக்குச் சேர வேண்டிய பணத்துக்குப் பிணையாக ஆக்கப்பட்டு, அந்த நடவடிக்கை அடமானமாகவும் அமையாதிருந்தால், பணம் பெற வேண்டியவருக்கு அந்தச் சொத்தின்மீது 'சார்ஜ்' உண்டு. அடமானத்தில் சொத்திலுள்ள ஓர் உரிமையே கடன் கொடுத்தவருக்கு மாறுகிறது. இதில் உரிமை எதுவும் மாறுவதில்லை, அந்தப் பணத்துக்குச் சொத்து பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே. கிரயத் தொகை முழுவதும் கைக்கு வரும் முன்பே உரிமை வாங்கியவருக்கு மாறிவிட்டால், மீதித் தொகைக்காக விற்றவருக்கு அச்சொத்தின்மீது ஏற்படுவதும் இதே 'சார்ஜ்'தான். அதைச் சட்டத்தின் 55 ஆம் பிரிவே தருகிறது. இதற்குத் தமிழில் 'பொறுப்பு' என்று எழுதும் வழக்கம் உண்டு. பொறுத்தல் என்றால் சுமத்தல் என்றும் பொருள் இருப்பதால், இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

கடலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினைப் பத்திரம் ஆங்கிலத்தில் எழுதிப் பதிவாகியிருந்தது. தாயாரின் ஆயுள்காலம் வரை மூத்த மகன் மாதந்தோறும் ஒரு தொகையை அவருக்கு ஜீவனாம்சமாகத் தர வேண்டும் என்றும், அத்தொகை மூத்தவருக்கு ஒதுக்கிய 'அ' அட்டவணை வீட்டின்மேல் ஒரு 'சார்ஜ்' ஆகும் என்றும் அதில் கண்டிருந்தது. மூத்தவர் வீட்டை விற்க முன்வந்தபோது, ஆங்கிலம் படிக்கத் தெரியாத கிரயதாரர் பத்திரத்தைத் தமிழில் எழுதித் தரும்படி ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் எழுதிக் கொடுத்த வாக்கியம் இது: "மேற்படித் தொகை 'அ' அட்டவணைச் சொத்துக்கான கட்டணம் ஆகும்." வீட்டுவரி, தண்ணீர் வரி போன்ற ஏதோ ஒன்று, விற்கிறவர் கட்டியிருப்பார் என்று நினைத்துக் கிரயதாரர் பணத்தைக் கொடுத்துவிட்டார். கிரயம் முடிந்த பிறகு மூத்தவர் தாயாருக்குத் தருவதை நிறுத்திக்கொள்ள, தாயார் சார்பில் வழக்கறிஞர் நோட்டீஸ் வந்து சேர்ந்தது புதிதாக வீடு வாங்கியவருக்குத்தான்.

'சார்ஜ்' இருப்பதை அறியாமல் விலை கொடுத்து வாங்கியவருக்கு எதிராக அதைச் செயல்படுத்த முடியாது என்று அந்த 100 ஆம் பிரிவே பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் பதிவு செய்யப்பட வேண்டிய பத்திரம் பதிவாகியிருந்தால், பின்னால் வாங்குகிறவர் அதை அறிந்தவராகவே கருதப்படுவார். இவரோ பத்திரத்தைக் கையில் வாங்கித் தமிழாக்கமும் பெற்றவர். அறியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? நிலுவையைத் தாமே கட்டித்தான் அவர் மீண்டார். இரண்டு தாள்களையும் அவர் என் மேசையில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டியபோது, ஆங்கில வரியின் அடியில் தமிழாக்கியவர் பென்சிலால் கோடிட்டிருந்ததைப் பார்த்தேன். ஐயம் எழுந்திருக்கிறது; எழுந்தும் கேட்கவில்லை. பின்னர் விசாரித்தபோது, அகராதியில் கட்டணம் என்றுதான் போட்டிருக்கிறது என்று பதில் வந்தது.

சரியான தமிழில் வாக்கியமே திரும்ப வேண்டும். ஆங்கிலம் தொகையை எழுவாயாக வைத்து, அது சொத்தின்மேல் ஏறியிருப்பதாகச் சொல்லும். தமிழில் சொத்தை எழுவாயாக்கி, "மேற்படித் தொகைக்கு 'அ' அட்டவணைச் சொத்து பொறுப்பாகும்" என்று எழுதினால் படிக்காதவருக்கும் விளங்கும்.

கிரயப் பத்திரங்களில் 'என்கம்பரன்ஸ், சார்ஜ், லீன், அட்டாச்மென்ட்' ஆகியவை ஏதுமில்லை என்று ஒரு நீண்ட உறுதிமொழி வரும். இதையும் 'எல்லாக் கட்டணங்களும் நீங்கலாக' என்று எழுதி வருகிறார்கள். படிப்பவர் பதிவுக் கட்டணம் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்வார். நம் பத்திர எழுத்தர்கள் காலங்காலமாக எழுதும் 'வில்லங்கம்' என்ற சொல் இவற்றுள் பெரும்பகுதியைத் தாங்கிவிடும். 'அட்டாச்மென்ட்' ஆகிய ஜப்தியை மட்டும் தனியே எழுதினால் தெளிவு. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வில்லங்கச் சான்றில் வருவது பதிவானவை மட்டுமே. சட்டத்தின் விளைவாகத் தோன்றும் பொறுப்பு அதில் தெரியாமலும் போகலாம் என்பதால், சான்று சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிப் பத்திரத்தில் உள்ள வரியை மொழிபெயர்ப்பாளர் மென்மையாக்கிவிடக் கூடாது.

வங்கிக் கடன் ஆவணத்தில் வரும் 'ஃப்ளோட்டிங் சார்ஜ்' என்பதற்கு 'மிதக்கும் கட்டணம்' என்ற தமிழையும் கண்டிருக்கிறேன். கிடங்குச் சரக்கைப் போல வந்தும் போயும் இருக்கும் சொத்துகளின்மேல் பொதுவாக ஏற்படுத்தும் பொறுப்பு அது.

குற்றப்பத்திரிகையும் குற்றச்சாட்டும்

காவல்துறை புலனாய்வை முடித்து நீதிமன்றத்தில் அளிக்கும் அறிக்கை 'சார்ஜ் ஷீட்', அதாவது குற்றப்பத்திரிகை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173 ஆம் பிரிவின்படி தாக்கலானது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 193 ஆம் பிரிவின்கீழ் வருகிறது. அதைப் படித்துப் பார்த்து, விசாரணைக்கு இடமிருக்கிறது என்று கருதினால் நீதிமன்றம் செய்வது 'ஃப்ரேமிங் ஆஃப் சார்ஜ்', அதாவது குற்றச்சாட்டு வனைதல். இரண்டையும் ஒன்றாக்கி 'குற்றச்சாட்டு தாக்கல்' என்று எழுதினால், காவல்துறை செய்ததா நீதிமன்றம் செய்ததா என்பதே மறைந்துவிடும். குற்றச்சாட்டு வனையும் முன்பே ஒருவர் 'டிஸ்சார்ஜ்' ஆகலாம், அது விடுவிப்பு. விசாரணை முடிந்து குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானால் அது விடுதலை.

மருத்துவமனை 'டிஸ்சார்ஜ்'

நோயாளிக்கு வந்தால் வீட்டுக்கு அனுப்புதல். புண்ணில் வந்தால் நீர் அல்லது சீழ் வடிதல். 'காயத்திலிருந்து விடுவிப்பு இல்லை' என்ற வரியை இனி யாரும் எழுத வேண்டாம்.

லத்தி சார்ஜ்

தடியடி.

இணைச்சொற்களை இடம் பார்க்காமல் மாற்றுவது

ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று வெட்கப்பட்டு, இணைச்சொல் அகராதியிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுவது ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குவோரின் பழக்கம். பொருளுக்குக் கொடுப்பது 'ப்ரைஸ்', செய்த வேலைக்குக் கேட்பது 'சார்ஜ்', மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் கொடுப்பது 'ஃபீ', பயணத்துக்கு 'ஃபேர்', சாலைக்கும் பாலத்துக்கும் 'டோல்'. கடலூர்ப் பேருந்தில் நாம் 'பஸ் சார்ஜ்' எவ்வளவு என்று கேட்பது தமிழ் வழக்கு. ஆங்கிலக் கடிதத்தில் அங்கே 'ஃபேர்' வர வேண்டும். பழி சுமத்தும் பொருளிலும் 'அக்யூஸ்' என்பதற்குப் பின் 'ஆஃப்' வரும், 'சார்ஜ்' என்பதற்குப் பின் 'வித்' வரும். வினையை மாற்றிவிட்டு இடைச்சொல்லை மாற்றாமல் விடுவதுதான் வழக்கமான பிழை.

'இன் சார்ஜ்' நடுவே ஒரு 'தி'

'நர்ஸ் இன் சார்ஜ் ஆஃப் தி சைல்ட்' என்றால் குழந்தையைச் செவிலியர் பார்த்துக்கொள்கிறார். 'தி சைல்ட் இன் தி சார்ஜ் ஆஃப் தி நர்ஸ்' என்றால் குழந்தை செவிலியரின் கவனிப்பில் இருக்கிறது. பொறுப்பாளர் ஒருவரே, எழுவாய்தான் மாறியிருக்கிறது. முன்னதில் இல்லாத 'தி' பின்னதில் வருகிறது என்பதைக் கவனியாதவர் குழந்தையைச் செவிலியருக்குப் பொறுப்பாளராக்கிவிடுவார்.

மின்சாரம்

துகளில் இருப்பது மின்னூட்டம். மின்கலத்துக்குச் செய்வது மின்னேற்றம்.

பிரெஞ்சுத் தாள்களில் வரும் 'ஷார்ஜ்'

பிரான்ஸில் உறவினர் உள்ள புதுச்சேரிக் குடும்பங்கள் கொண்டுவரும் படிவங்களில் இதே எழுத்துகள் வேறு ஒலியோடு வேறு பொருளும் கொண்டு வருகின்றன. 'ஆன்ஃபான் ஆ ஷார்ஜ்' என்ற கட்டத்தில் கேட்பது, ஒருவர் பராமரிப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை. ஆங்கிலம் மட்டும் படித்து வந்த ஒருவர் அதை 'குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைகள்' என்று தமிழாக்கி, பெற்றோரைக் கலங்க வைத்தார். வாடகைத் தாளில் 'ஷார்ஜ் கொம்ப்ரீஸ்' என்று இருந்தால், கட்டடத்தின் பொதுப் பராமரிப்பு போன்ற செலவுகள் வாடகையிலேயே சேர்ந்துள்ளன என்று பொருள்; 'ஓர் ஷார்ஜ்' என்று இருந்தால் அவற்றைத் தனியே கொடுக்க வேண்டும்.