தப்பிப் பிழைத்த டைமண்ட் டி லாரிகளைத் தேடிப் பதிவு செய்வது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளை டிரெய்லரில் ஏற்றி இழுக்க அமெரிக்காவின் சிகாகோவில் செய்த லாரி டைமண்ட் டி 980. 1941 முதல் 1945 வரை, 981 மாடலையும் சேர்த்து, ஐயாயிரத்துக்கு மேல் வெளிவந்தன. முதலில் கேட்டு வாங்கியது பிரிட்டன். போர் முடிந்ததும் பிக்ஃபோர்ட்ஸ், வின்ஸ் மாதிரி கனரகச் சரக்கு நிறுவனங்கள் இவற்றை வாங்கி டிரான்ஸ்ஃபார்மர் இழுக்க விட்டன. கேரேஜ்காரர்கள் பழுதான வண்டிகளை இழுத்துவரும் ரெக்கவரி வண்டியாக மாற்றிக்கொண்டார்கள். அப்படி உழைத்ததால்தான் பல வண்டிகள் இன்றும் இருக்கின்றன. எவை எங்கே என்று ஆர்வலர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். நீங்களும் தொடங்கலாம்.

1. ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பழைய லாரியும் என்று இறங்கினால் எதுவும் முடியாது.

2. மாடலை உறுதிப்படுத்துங்கள். முன் பம்பரைப் பாருங்கள். நடுவில் வின்ச் (கம்பியைச் சுற்றி பாரம் இழுக்கும் கருவி) கம்பி வெளியே வர உருளைகள் இருந்தால் பெரும்பாலும் 981. அதன் கம்பி 500 அடி, முன்னும் பின்னும் இழுக்கலாம். 980-இல் 300 அடிதான், பின்பக்கம் மட்டும். கேபினை வைத்து முடிவு செய்யாதீர்கள். தொடக்கத்தில் மூடிய இரும்புக் கேபின், பிறகு கான்வாஸ் கூரை, போருக்குப் பின் வாங்கியவர்கள் தாங்களே கட்டியவை என்று எல்லாம் உண்டு. எஞ்சினும் அப்படித்தான். 14.7 லிட்டர் ஹெர்குலிஸ் டீசலைக் கழற்றிவிட்டு ரோல்ஸ் ராய்ஸ் பொருத்திய வண்டிகள் இருக்கின்றன.

3. எண்களைச் சேகரியுங்கள். நேரம் பிடிப்பது இங்கேதான், எனக்கு மிகவும் பிடித்த கட்டமும் இதுவே. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓடிய வண்டிக்கு நான்கு எண்கள்வரை இருக்கலாம். சேஸிஸ் எண், போர்க்காலத்தில் பானெட் பக்கவாட்டில் எழுதிய, ‘எச்’ எழுத்தில் தொடங்கும் எண், 1949-க்குப் பிறகு கொடுத்த, இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம் கொண்ட ராணுவ எண், கடைசியாக சாதாரண நம்பர் பிளேட். பெயிண்ட்டைப் பதமாகத் தேய்த்தால் அடியிலிருந்து அந்த ‘எச்’ மெல்ல மேலே வரும். உரிமையாளர் அனுமதித்தால் ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுங்கள், தேய்த்தபின் அது திரும்பக் கிடைக்காது.

நம்பர் பிளேட்டை மட்டும் நம்பவே வேண்டாம். ரெக்கவரி வண்டிகள் பல ‘டிரேட் பிளேட்’ மாட்டிக்கொண்டு ஓடின. அது கேரேஜுக்குச் சொந்தம், வண்டிக்கு வண்டி மாறும். பழைய போட்டோ இரண்டில் ஒரே எண் இருந்தால் ஒரே லாரி என்று எழுதிவிடாதீர்கள். அதேபோல் ராணுவ எண்ணோடு இருந்த வண்டி பிற்பாடு புது சிவில் எண் வாங்கியிருக்கும். பட்டியலில் இரண்டு வண்டியாக நுழைந்துவிடும். சேஸிஸ் எண்தான் இதைத் தீர்க்கும்.

4. எக்ஸெல் தாளில் ஒரு வரிக்கு ஒரு சேஸிஸ். எண்கள், இப்போதைய நிலை, கடைசியாகப் பார்த்த தேதி, யார் சொன்னது. சேஸிஸ் எண் தெரியாதவற்றைத் தனித் தாளில் போடுங்கள்.

5. நம்பர் பிளேட் எண் தெரிந்தால், பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.-வின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். வரி நிலவரம், நிறம், முதல் பதிவுக் காலம் காட்டும். அங்கே இல்லையென்றால் வண்டியே இல்லை என்று அர்த்தமில்லை. பதிவே செய்யாமல் கொட்டகையில் நிற்கலாம். லங்காஷையரின் லேலண்ட் ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் வணிக வாகன அருங்காட்சியகத்தின் ஆவணக் காப்பகம் பிரிட்டிஷ் லாரிகளுக்கு நல்ல இடம். அடுத்து பிரிட்டிஷ் லாரியான ஸ்கேமெல் பக்கம் போக நினைப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

6. உடைத்து விற்றவற்றையும் நீக்காதீர்கள். ‘உடைக்கப்பட்டது’ என்று எழுதி வையுங்கள். அதன் பம்பரோ வின்ச்சோ வேறொரு வண்டியில் தென்படும்போது அந்த வரிதான் கைகொடுக்கும்.

7. பட்டியலை வெளியிடும்போது மாவட்டம்வரை போதும். கொட்டகை முகவரி, உரிமையாளர் பெயர் வேண்டாம். பழைய உதிரிபாகங்களுக்குத் திருடர்கள் உண்டு.