ருபீடியம் அணுக்கடிகாரம் வாங்கியாச்சு, அது சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

எஃப்இ-5680ஏ மாதிரி ஒரு ருபீடியத்தைப் பழைய சரக்காக வாங்கியிருப்பீர்கள். 15 வோல்ட் கொடுத்ததும் (சில வகைக்கு 5 வோல்ட்டும் தனியாக வேண்டும், லேபிளைப் பார்த்து இணையுங்கள்) சில நிமிடத்தில் லாக் ஆகி (அணுவின் அதிர்வோடு தன் அலைவைப் பூட்டிக்கொண்டு) 10 மெகாஹெர்ட்ஸ் வரும். ஆனால் லாக் ஆனது வேறு, சரியாக இருப்பது வேறு.

ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் துல்லியமான சீசியம் கடிகாரம் தேவையில்லை. டில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் தரும் இந்திய நேரத்தை இணையத்தில் எடுக்கலாமே என்று கேட்பார்கள். இணையம் வழியே வரும்போது அது மில்லி செகண்ட் கணக்கில் ஆடும், இந்த வேலைக்கு உதவாது. ஜிபிஎஸ்தான் நமக்கு வழி. செயற்கைக்கோள் ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது, தரையிலிருந்து அதைக் கண்காணித்துத் திருத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

தொடங்குவதற்கு நியோ-6எம் என்ற ஜிபிஎஸ் ரிசீவர் மாட்யூல் போதும். செகண்டுக்கு ஒரு பல்ஸ் தரும் பிபிஎஸ் முனை வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், சில போர்டில் எல்இடி மினுக்குவதோடு சரி. கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் நியோ-எம்8டி எடுங்கள். இடத்தை ஒருமுறை அளந்து நிலைநிறுத்திவிட்டால் அது நேரத்தை மட்டும் கணக்கிடும், ஒவ்வொரு பல்ஸும் எத்தனை நானோ செகண்ட் தள்ளி விழுந்தது என்றும் சொல்லிவிடும்.

எல்லாவற்றையும்விட ஆன்டெனா முக்கியம். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் முதலில் அதை ஜன்னல் கம்பியில் கட்டினேன், பாதி வானம் எதிர்வீட்டுச் சுவர், சிக்னல் அதில் பட்டுத் திரும்பி வந்து அளவு இஷ்டத்துக்கு அலைந்தது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியைவிட உயரமாக ஒரு குழாய் நட்டு மாற்றினேன், அன்றைக்கே அளவின் வரைபடக் கோடு அமைதியாகிவிட்டது. கேபிள் மீட்டருக்குச் சுமார் 5 நானோ செகண்ட் தாமதிக்கும், கவலை வேண்டாம், அது பெரிதாக மாறாது. ஏப்ரல், மே மாதத்தில் இடி இறங்கினால் மட்டும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

அப்புறம் ருபீடியத்தின் 10 மெகாஹெர்ட்ஸையும் செகண்டுக்கு ஒரு பல்ஸாகப் பிரிக்க வேண்டும். பிக்டிவ் என்ற நிரல் ஏற்றிய 12எஃப்675 சிப் ஒன்று அதைச் செய்துவிடும், பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் உதிரிபாகம் தேடி அலைபவர்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. இரண்டு பல்ஸுக்கும் உள்ள இடைவெளியை அளக்க அர்டுயினோ மெகா மேல் உட்காரும் டிஐசிசி என்ற நேர இடைவெளி அளக்கும் போர்டு நல்லது. அது இல்லாவிட்டால் இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப்பில் ஜிபிஎஸ் பல்ஸை ட்ரிகராக வைத்து, ருபீடியம் பல்ஸின் விளிம்பு எங்கே நிற்கிறது என்று காலையில் ஒரு படம், மறுநாள் அதே நேரத்தில் ஒரு படம் எடுங்கள்.

ஒரு நாள் எதற்கு? ஜிபிஎஸ் பல்ஸ் செகண்டுக்குச் செகண்ட் சில பத்து நானோ செகண்ட் ஆடும், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்தால் அந்த ஆட்டத்தைத்தான் அளந்திருப்பீர்கள். ஒரு நாளுக்கு 86,400 செகண்ட். அதில் விளிம்பு 864 நானோ செகண்ட் நகர்ந்தால் பிழை பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கு. 86 மட்டும் நகர்ந்தால் லட்சம் கோடியில் ஒரு பங்கு, அருமையான ருபீடியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அளக்கும்போது ருபீடியத்தைத் தடித்த அலுமினியத் தகட்டில் திருகி, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் வையுங்கள். கரண்ட் போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், அதனால் யுபிஎஸ் அவசியம். ருபீடியத்தின் அலைவெண்ணைத் திருத்த வேண்டுமென்றால் கணினியிலிருந்து அனுப்பும் சீரியல் கட்டளையில் கொஞ்சமாக மாற்றுங்கள், மறுபடி ஒரு நாள் முழுக்க ஓடவிட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.