இனிஷியலில் நின்றுபோன வருமானச் சான்று

பெங்களூரில் அம்மாவின் வருமானச் சான்று விண்ணப்பம் "பெயர் பொருந்தவில்லை" என்று திரும்பி வந்தது. கவுண்டரில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஆதாரில் வேறு மாதிரி இருக்கிறதே என்று மறுபடியும் திருப்பினார்கள். விரிக்கச் சொன்னது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். புகார் மனுவுக்கும் பதில் இல்லை.

அப்புறம் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போட்டேன். இங்கேதான் கவனம் வேண்டும். "ஏன் நிராகரித்தீர்கள்?" என்று கேட்டால், விளக்கம் தகவல் ஆகாது என்று தட்டிக்கழித்துவிடலாம். அதனால் கோப்புக் குறிப்புகளின் நகல், எந்தத் தேதியில் கோப்பு யாரிடம் இருந்தது, அவருடைய பெயர், பதவி, இவ்வளவுதான் கேட்டேன். 30 நாள் கெடு முடியும் முன்பே போன் வந்தது: ஆதாரில் உள்ளபடியே போதுமாம். நகலில் இனிஷியலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சான்று கைக்கு வந்துவிட்டது, அப்பாடா.