கோல் விழாத சிறுவர் அணி: பயிற்சியாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்தில் தன் அணிக்குக் கோல் விழவில்லை என்றதும் புதிதாகப் பயிற்சி கொடுக்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மருந்தைத்தான் எடுக்கிறார்கள். மறுநாள் மாலையே பிள்ளைகளைக் கோலுக்கு எதிரே வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராக ஷாட் அடிக்க வைக்கிறார்கள். இந்தத் துறையில் பல வருடம் இருப்பவர்களும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தோம். வார்ம்-அப் இல்லாமல் தொடங்குவது, தண்ணீர் இடைவேளையை மறப்பது போன்றவை யாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம். 8 முதல் 14 வயது வரையுள்ள அணிகளில் கோல் எண்ணிக்கையை நேராகக் குறைக்கிற தவறுகள் மட்டும் இங்கே.

வரிசையில் நின்று அடிக்கும் ஷூட்டிங் பயிற்சி

முதலில் கணக்கைப் பாருங்கள். பதினாறு பிள்ளைகள், ஒரு கோல். ஒருவர் கோல்கீப்பர், மற்ற பதினைந்து பேர் வரிசையில். பந்தைப் பயிற்சியாளரிடம் தட்டி, அவர் திருப்பித் தந்ததை ஓடிவந்து அடித்து, கோல்கீப்பர் மறுபடி நிலைக்கு வருவதற்குள் 15 விநாடி போய்விடும். 20 நிமிடத்தில் மொத்தம் 80 ஷாட். ஆளுக்கு ஐந்து. அந்த ஐந்தில் இரண்டு கம்பத்துக்கு வெளியே போகும், பிறகு பந்தை எடுத்துவர ஓட வேண்டும். மீதி நேரமெல்லாம் நிற்பதுதான்.

எண்ணிக்கை குறைவு என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஐந்து ஷாட்டும் ஆட்டத்தில் வராத ஷாட் என்பதுதான் பெரிய இழப்பு. பந்து ஒவ்வொரு முறையும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், முன்னங்காலுக்கே வருகிறது. பக்கத்தில் டிஃபெண்டர் (தடுக்கும் எதிரணி ஆள்) இல்லை. அடிப்பதா, பாஸ் கொடுப்பதா, இன்னொரு அடி நகர்வதா என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. அடிக்கும் இடமோ பெனால்டி பாக்ஸின் (கோலுக்கு முன்னால் வரைந்திருக்கும் பெரிய கட்டம்) விளிம்பு, 16 மீட்டருக்கு மேல். ஆட்டத்தில் பெரும்பாலான கோல்கள் பாக்ஸுக்கு உள்ளே, ஒன்றிரண்டு டச்சில் (பந்தைத் தொடுவதில்), ஆள் நெருக்கும்போது விழுகின்றன. பந்து முழங்காலில் பட்டு வரும், பின்னங்காலுக்கு வரும், துள்ளிக்கொண்டு வரும். வரிசையில் அழகாக அடிக்கும் பையன் சனிக்கிழமை ஆட்டத்தில் ஆறு மீட்டரில் பந்து கிடைத்தும் தடுமாறுவதற்குக் காரணம் பயமல்ல. அந்தச் சூழலை அவன் பயிற்சியில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இன்னொரு கேடும் உண்டு. ஷாட் அடித்தவுடன் திரும்பி வரிசையின் கடைசிக்கு நடக்கப் பிள்ளைகள் பழகுகிறார்கள். ஆட்டத்திலும் அதே பழக்கம். கோல்கீப்பர் கையால் தட்டிவிட்ட பந்து காலடியில் உருளும்போது அடித்தவன் முதுகைக் காட்டிக்கொண்டு போவான்.

மாற்று என்ன? இரண்டு கோல்களை எதிரெதிரே 25 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். அகலம் 20 மீட்டர். கோல்கீப்பரையும் சேர்த்து நாலுக்கு நாலு. பதினாறு பேருக்கு இதுபோல் இரண்டு மைதானம். இரண்டாவது ஜோடி கோல் இல்லையென்றால் கம்புகளையோ உயரமான கோன்களையோ 4 மீட்டர் இடைவெளியில் நட்டுக்கொள்ளலாம். இருக்கிற பந்துகளை இரண்டாகப் பிரித்து ஒவ்வொரு மைதானத்தின் பக்கக் கோட்டிலும் குவித்துவிடுங்கள். பந்து வெளியே போனால் எடுக்கப் போக வேண்டாம், அடுத்த பந்து உடனே உள்ளே. இரண்டு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்து சுற்று. மைதானம் குறுகலாக இருப்பதால் எங்கிருந்தும் அடிக்கலாம், எப்போதும் ஒருவர் நெருக்குவார், ரீபவுண்ட் (கோல்கீப்பரிலோ கம்பத்திலோ பட்டுத் திரும்பும் பந்து) ஓயாமல் வரும். சுற்றுக்கு ஒருவராகக் கோல்கீப்பரை மாற்றுங்கள்.

பிறகு ஒரே ஒரு விதியைச் சேருங்கள்: ரீபவுண்டில் அடித்த கோலுக்கு இரண்டு புள்ளி. அடுத்த வாரம் அதை எடுத்துவிட்டு, ஒரே டச்சில் முடித்த கோலுக்கு இரண்டு புள்ளி. இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் பிள்ளைகள் விதியைத்தான் யோசிப்பார்கள், பந்தை அல்ல.

இதிலும் தவறு நேரும் இடங்கள் உண்டு. இரண்டு நிமிடத்தில் நாலைந்து ஷாட்கூட வரவில்லையென்றால் மைதானம் நீளம், 5 மீட்டர் குறையுங்கள். ஒரே ஆள் எல்லாக் கோலையும் அடித்தால் அணிப் பிரிப்பு சரியில்லை. திறமையில் நெருங்கியவர்களை ஒரே மைதானத்தில் போடுங்கள். கோல்கீப்பர் இல்லாமல் குட்டிக் கோல் வைத்து ஆடவிட்டால் காலியான இடத்துக்குப் பந்தை உருட்டத்தான் பழகுவார்கள், கோல்கீப்பரை ஏமாற்றக் கற்க மாட்டார்கள்.

இது நன்றாக ஓடத் தொடங்கியதும் துரத்தல் ஆட்டத்தைச் சேர்க்கலாம். கோலிலிருந்து 25 மீட்டரில் இரண்டு பேர் பந்தோடு புறப்பட, மூன்று மீட்டர் பின்னாலிருந்து டிஃபெண்டர் ஒருவர் துரத்துவார். எட்டு விநாடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும். பின்னால் காலடிச் சத்தம் கேட்க முடிவெடுப்பது இப்படித்தான் பழக்கமாகும்.

உதைக்கவே சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி தேவைதான். அதற்கும் வரிசை வேண்டாம். மூன்று பேருக்கு ஒரு பந்து: ஒருவர் அடிக்க, ஒருவர் இரண்டு கோன்களுக்கு நடுவே கோல்கீப்பராக நிற்க, மூன்றாமவர் எதிர்ப்பக்கம் நின்று பந்தை எடுத்து அவர் பங்குக்கு அடிப்பார். 10 மீட்டர் தூரம், எட்டு நிமிடம் போதும்.

வெளியே நின்று “அடி, அடி!” என்று கத்துவது

சத்தம் கேட்டதும் குழந்தை தலையைக் குனிந்து, வந்த வேகத்தில் உதைக்கும். கோல்கீப்பர் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறார் என்பதைப் பார்க்க இருந்த அரை விநாடி போய்விட்டது. ஷாட்டுக்கு முந்தைய டச்சில் தலையைத் தூக்கிப் பார், உதைக்கும்போது பந்தைப் பார். இதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுங்கள். ஆட்டத்தில் பெனால்டி பாக்ஸுக்குள் பந்து போனதும் பயிற்சியாளரின் வாய் மூடியிருக்க வேண்டும்.

வேகத்தைப் பாராட்டுவது

கம்பத்துக்கு மேலே பறந்த பந்துக்கு “நல்ல பவர்!” என்று கைதட்டினால் அடுத்ததும் மேலேதான் பறக்கும். பந்து மேலே போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டே: ஊன்றும் கால் பந்துக்குப் பின்னால் நிற்கிறது, உடம்பு பின்பக்கம் சாய்கிறது. ஊன்றும் கால் பந்துக்குப் பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி, விரல்கள் இலக்கை நோக்கி இருக்கட்டும். உதைக்கும் முழங்கால் பந்துக்கு மேலே வரட்டும். 10 மீட்டருக்குள் என்றால் காலின் உட்பக்கத்தால் பாஸ் கொடுப்பதுபோல் அடித்தாலே போதும்.

பக்கவாட்டிலிருந்து வரும்போது இலக்கு, தூரக் கம்பத்தின் அடிப்பகுதி. தரையோடு வரும் பந்துக்குக் கீழே குனிவது சிறிய கோல்கீப்பருக்குக் கடினம். அவர் தட்டிவிட்டாலும் பந்து மைதானத்துக்குள்ளேதான் சிதறும், அங்கே நம் ஆள் ஒருவர் இருக்கலாம். பக்கத்துக் கம்பத்தில் குறி தவறினால் பந்து நேரே கோட்டுக்கு வெளியே.

குள்ளமான கோல்கீப்பரின் தலைக்கு மேலே தூக்கிப் போடுவது

இந்த வருடம் விழும். கோல்கீப்பர் ஒரு முழம் வளர்ந்ததும் நின்றுவிடும்.

எல்லோரும் கோல் வாசலுக்கு ஓடுவது

ஒரு பெண் பக்கக் கோடு வழியாகப் பந்தைக் கடைசிக் கோடுவரை கொண்டுபோகிறாள். மற்ற மூவரும் கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் போய் நிற்கிறார்கள், அவர்களோடு டிஃபெண்டர்களும். அவள் பக்கவாட்டிலிருந்து தூக்கிப் போட்ட கிராஸை கோல்கீப்பர் பிடித்துக்கொள்கிறார். அதே நேரத்தில் பெனால்டி உதைக்கப் பந்து வைக்கும் புள்ளியைச் சுற்றி ஒரு வீடு கட்டும் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது.

ஓட்டத்தைப் பங்கு போடுங்கள். ஒருவர் பக்கத்துக் கம்பத்துக்கு, ஒருவர் தூரக் கம்பத்துக்கு, மூன்றாமவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பெனால்டி புள்ளிக்கு. பந்து தூக்கி வேண்டாம், தரையோடு பின்பக்கமாக அந்த மூன்றாமவருக்கு. டிஃபெண்டர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள், பின்னால் வருபவரைக் கவனிக்க முடியாது. பாஸ் போகும் கணத்தில் அவர் பந்துக்குப் பின்னால் இருப்பதால் ஆஃப்சைடு பேச்சும் இல்லை. முதலில் எதிரணி இல்லாமல் ஐந்து முறை, பிறகு இரண்டு டிஃபெண்டர்களோடு. நேரம் பிடிக்கும். மூன்றாமவர் சீக்கிரம் ஓடிப்போய் நிற்பதுதான் கடைசிவரை திருத்த வேண்டியிருக்கும்.

தவறவிட்டால் தண்டனை ஓட்டம்

ஒருமுறை கொடுத்தால் போதும், அடுத்த வாய்ப்பில் அந்தப் பிள்ளை அடிக்காமல் பாஸ் கொடுத்துவிடும்.

ஒன்பது வயதுக்கு 5-ஆம் நம்பர் பந்து

வேண்டாம், அது பெரியவர்களின் அளவு. 8 முதல் 12 வயது வரை அதைவிடச் சிறிய 4-ஆம் நம்பர்.

கோளாறு எங்கே என்று பார்க்காமல் திருத்துவது

ஒரு தாளில் எதிரணியின் கோலையும் பெனால்டி பாக்ஸையும் வரைந்து, ஆட்டத்துக்கு வரும் பெற்றோர் ஒருவரிடம் கொடுங்கள். நம் அணி அடிக்கும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் அடித்த இடத்தில் ஒரு புள்ளி, கோல் என்றால் அதைச் சுற்றி ஒரு வட்டம். மூன்று ஆட்டம் குறித்தால் போதும். புள்ளிகள் பாக்ஸுக்கு உள்ளே நிறைய, வட்டம் குறைவு என்றால் நாலுக்கு நாலு ஆட்டத்தைக் கூட்டுங்கள். புள்ளிகள் எல்லாம் பாக்ஸுக்கு வெளியே என்றால் உள்ளே நுழையும் வழிதான் இல்லை. துரத்தல் ஆட்டமும் பின்பக்கப் பாஸும் வேண்டும். தாளே ஏறக்குறைய காலியாக இருந்தால் ஷூட்டிங்கை ஒரு மாதம் தள்ளி வைத்துவிட்டு, நம் பாதியிலிருந்து பந்து முன்னே நகராமல் எங்கே பறிபோகிறது என்று பாருங்கள்.