குடில் கட்டுகிறவர்களே, அந்த ஜிகினா டப்பாவைக் கீழே வையுங்கள்

டிசம்பர் வந்தால் எங்கள் பங்குக் கோயிலில் புதுசாக ஒரு இளைஞர் கூட்டம் "இந்த வருஷம் பிளாஸ்டிக் இல்லாத கிறிஸ்துமஸ் குடில்" என்று கிளம்பும், நாங்கள் அந்த வயதில் செய்த அதே கோளாறுகளை அப்படியே செய்யும். பிளாஸ்டிக் தோரணம் வேண்டாம் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

ஜிகினாத் தூள்

வைக்கோல் கூரை, மண் சொரூபங்கள், பழைய செய்தித்தாளைக் கசக்கிச் செம்மண் கரைசல் பூசிய மலை என்று எல்லாம் ஒழுங்காகத்தான் செய்வார்கள். 24ஆம் தேதி ராத்திரி, பூசைக்கு மணி அடிக்கப்போகும் நேரத்தில், "கொஞ்சம் மினுமினுப்பு இருந்தா நல்லாருக்குமே" என்று ஒரு கை ஜிகினாவை அள்ளித் தூவிவிடும். அவ்வளவுதான், அத்தனை நாள் வேலையும் குப்பை. ஜிகினா என்பது அலுமினியம் பூசிய பாலியஸ்டர் படலத்தைப் பொடிப்பொடியாக வெட்டியது. மக்காது, பொறுக்கி எடுக்கவும் முடியாது. உதிரி பிளாஸ்டிக் ஜிகினாவின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடை செய்துவிட்டது, நம் பேன்சி கடைகளில் இன்னும் டப்பா டப்பாவாகக் கிடைக்கிறது.

போன தடவை, ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்ததும், வழக்கமாக வைக்கோலை வாங்கிப்போகும் மாட்டுக்கார அக்கா வந்தார். ஒரு பிடி எடுத்து உதறினார், கையெல்லாம் பச்சையும் சிவப்புமாக மின்னியது. "இதைத் தின்னா மாடு என்னத்துக்கு ஆகும், நீங்களே வச்சுக்கோங்க" என்று போய்விட்டார். கட்டு மொத்தமும் குப்பை வண்டியில் ஏறியது. செய்தித்தாள் மலையைப் பழைய பேப்பர்காரர் தொடவில்லை.

மினுங்கியே ஆக வேண்டுமென்றால் டீத்தூள் பாக்கெட்டின் உள்பக்க வெள்ளியை நட்சத்திரமாக வெட்டி நூலில் கட்டுங்கள். உதிராது, கழற்றி அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கலாம்.

தெர்மாகோல்

அலங்காரத்துக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அப்புறம் என்ன பேச்சு?

பனிக்குப் பஞ்சு

தலையணைக்குள் அடைக்கிற வெள்ளைப் பஞ்சு பெரும்பாலும் பாலியஸ்டர். வெளியே கொண்டுபோய் ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாக உறையும். எந்தப் பஞ்சானாலும் மெழுகுவத்திப் பக்கம் வேண்டாம். சரி, பெத்லகேமில் பனி விழுவதே அபூர்வம், நமக்கு ஏன் இவ்வளவு பனி என்பது தனிக் கேள்வி.

பழைய பிளாஸ்டிக் மரம்

வீட்டில் இருந்தால் அதையே வையுங்கள். 'இயற்கை மரம்' வாங்குவதற்காக அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

காகித ஸ்டார்

குண்டு பல்பு போட்டால் சூட்டில் காகிதம் கருகும். சின்ன எல்இடி போதும், மழைக்கு மட்டும் திண்ணைக்குள் தொங்கவிடுங்கள்.